கத்ரீனாவுக்குப் பின்: நியூ ஓர்லியன்ஸின் வெள்ள அரண்கள் எவ்வாறு மீளக் கட்டப்பட்டன?

2005 ஒகஸ்ட் 29 காலை கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் லூசியானா மாநிலக் கரையைக் கடந்தது. அன்றும் மறுநாளுமாக நியூ ஓர்லியன்ஸ் நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. தாழ்ந்த இடங்களில் மூன்று மீற்றருக்கு மேல் தண்ணீர் நின்றது, வாரக்கணக்கில் வடியவில்லை. உயிரிழந்தோர் 1,833 பேர் என்றே நீண்டகாலம் சொல்லப்பட்டு வந்தது. அமெரிக்கத் தேசிய சூறாவளி நிலையம் 2023இல் அந்த எண்ணிக்கையை மீளாய்வு செய்து 1,392 எனத் திருத்தியது. லூசியானாவில் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 75 வயதைத் தாண்டியவர்கள்.

ஆழிப்பேரலை எமது கரைகளை அழித்து எட்டு மாதங்கள்தான் அப்போது ஆகியிருந்தன. தற்காலிகக் கொட்டகைகளில் எமது மக்கள் இருந்த அந்த நாட்களில், கத்ரீனா நிவாரணத்துக்கென இலங்கை 25,000 டொலர் வழங்கியது. உலகின் மிகப் பெரிய செல்வந்த நாட்டில் மக்கள் கூரைகளில் ஏறி நின்று உதவிக்குக் கையசைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது.

இவ்வளவு காலத்துக்குப் பின் அந்த நகரத்தைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. குளக்கட்டு உடைந்தாலும் பாலம் அள்ளுண்டு போனாலும் எங்கள் பகுதிகளில் 'இயற்கை அனர்த்தம்' என்ற இரண்டு சொற்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நியூ ஓர்லியன்ஸ் மக்கள் அந்தச் சொற்களை ஏற்க மறுத்தார்கள். அதன் பின் அவர்களுக்கு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கிண்ணத்துக்குள் ஒரு நகரம்

நியூ ஓர்லியன்ஸின் தெற்கே மிஸிஸிப்பி ஆறு. வடக்கே பொன்சார்ட்ரெயின் என்ற பரந்த கடலேரி. நகரின் ஏறக்குறைய பாதி கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஆற்றங்கரையை ஒட்டிய மேட்டில் தொடங்கிய நகரம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுவான நீரிறைப்பு இயந்திரங்கள் வந்தபின் சதுப்பு நிலத்தை வற்றவைத்துப் பள்ளத்துக்குள் பரவியது. நீரை இழந்த சதுப்பு மண் சுருங்கியது. நிலம் மேலும் தாழ்ந்தது.

அதனால் அங்கு பெய்யும் மழைநீரைக்கூட இயந்திரங்களால் இறைத்து, கால்வாய்கள் வழியாக வடக்கிலுள்ள ஏரிக்கு அனுப்பவேண்டும். அந்தக் கால்வாய்களின் இருபுறமும் சுவர்கள். சூறாவளி ஏரி நீரை உயர்த்தினால், அதே கால்வாய்கள் வழியாக ஏரி நகருக்குள் வந்துவிடும். இந்த ஆபத்து எல்லோருக்கும் தெரிந்ததே.

1965இல் பெற்ஸி சூறாவளி நகரின் ஒரு பகுதியை மூழ்கடித்தபின், அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு பாதுகாப்புத் திட்டத்துக்கு அனுமதி வழங்கியது. வடிவமைப்பும் கட்டுமானமும் அமெரிக்க இராணுவப் பொறியியல் படையணியிடம் ஒப்படைக்கப்பட்டன. 13 ஆண்டுகளில் முடியும் என்று சொல்லப்பட்ட அந்த வேலை, 40 ஆண்டுகளின் பின் கத்ரீனா வந்தபோதும் முடிந்திருக்கவில்லை.

சுவர்கள் ஏன் உடைந்தன?

நகரைச் சுற்றி ஐம்பது இடங்களில் அணைகளும் சுவர்களும் உடைந்தன. அவற்றில் பெரும்பாலானவை, மேலால் வழிந்த நீர் மறுபுறத்து மண்ணை அரித்ததால் சரிந்தவை. ஆனால் நான்கு உடைப்புகள் வேறு வகையானவை. அங்கே நீர் சுவரின் உச்சியைத் தொடவே இல்லை. தாங்கவேண்டிய அளவை எட்டும் முன்னரே சுவர் விலகிவிட்டது. நகரின் மையப்பகுதியை மூழ்கடித்தவை முக்கியமாக இவைதான்: 17ஆம் வீதிக் கால்வாயில் ஒன்று, லண்டன் அவெனியூ கால்வாயில் இரண்டு. நான்காவது, நகரின் கிழக்கேயுள்ள கைத்தொழில் கால்வாயில்.

இந்தச் சுவர்களின் அமைப்பு எளிமையானது. மண் அணையின் நடுவே உருக்குத் தகடுகளை நிலத்துக்குள் இறக்கி, அவற்றின் தலையில் கொங்கிரீட் சுவரை எழுப்புவார்கள். கால்வாயில் நீர் உயர்ந்தபோது சுவர் சற்றே வெளிப்புறம் சாய்ந்தது. சாய்ந்த சுவருக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு வெடிப்பு விழுந்தது. அந்த வெடிப்புக்குள் நீர் இறங்கி, சுவரை அடிவரை தள்ளியது. 17ஆம் வீதியில் அடியில் இருந்தது மென்மையான களிமண். லண்டன் அவெனியூவில் மணல். இரண்டும் பிடித்து நிற்கவில்லை.

உருக்குத் தகடுகள் ஏன் அவ்வளவு மேலோட்டமாக இறக்கப்பட்டன? 1980களில் படையணி நடத்திய ஒரு பரிசோதனையின் முடிவு தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டதே காரணம் என்று பின்னாளில் பொறியியலாளர்கள் எழுதினார்கள். தகடுகளை ஆழமாக இறக்குவதால் கூடுதல் பயன் இல்லை என்று அப்போது தீர்மானித்தார்கள். பணம் மிச்சமானது.

கிழக்குப் பக்கம் இன்னொரு கதை. 1960களில் கப்பல்களுக்காக வெட்டப்பட்ட 'மிஸிஸிப்பி ஆறு வளைகுடா வெளிவழி' என்ற 76 மைல் கால்வாய், கடலின் உப்புநீரைச் சதுப்புநிலக் காடுகளுக்குள் கொண்டுவந்து அவற்றை அழித்தது. புயல் நீரின் வேகத்தை மட்டுப்படுத்தியிருக்கக்கூடிய மரங்கள் இல்லாமற்போயின. அந்தக் கால்வாயைத் தோண்டிய மண்ணைக் கொண்டே கட்டப்பட்ட அணைகள் கத்ரீனாவின் அலைகளில் கரைந்தன. பெரும்பாலும் கறுப்பின உழைக்கும் மக்கள் சொந்த வீடுகளில் வாழ்ந்த கீழ் ஒன்பதாம் வட்டாரத்தில், கைத்தொழில் கால்வாயின் சுவர் உடைந்து வந்த நீர் வீடுகளை அத்திவாரத்திலிருந்து பெயர்த்தது.

இதோடு அளவீட்டுப் பிழையும் சேர்ந்தது. உயரத்தைக் கணிக்கப் பயன்படுத்திய அடிப்படைப் புள்ளிகள் காலாவதியாகியிருந்தன. நிலம் தாழ்ந்துகொண்டிருந்தது. காகிதத்தில் இருந்த உயரத்தைவிடச் சில அணைகள் ஒரு அடி, இரண்டு அடி குறைவாகவே நின்றன.

பொறுப்பை ஒப்புக்கொள்ள ஒன்பது மாதங்கள்

முதலில் சொல்லப்பட்ட விளக்கம், புயல் எதிர்பார்த்ததைவிடப் பெரியது, நீர் சுவருக்கு மேலால் பாய்ந்தது என்பதே. அதை முறியடித்தவை வெளியார் விசாரணைகள். பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் தலைமையில் ஒரு சுயாதீனக் குழு, லூசியானா மாநிலத்தின் சார்பில் இன்னொரு குழு, படையணி தானே அமைத்த மூன்றாவது குழு என மூன்று குழுக்கள் களத்தில் இறங்கின. சுவர்களில் படிந்திருந்த நீர்க்கோடுகளை அளந்து, நீர் உச்சியைத் தொடவில்லை என்பதை வெளியார் நிறுவினார்கள்.

2006 ஜூன் 1ஆம் திகதி படையணியின் குழுவும் தன் அறிக்கையை வெளியிட்டது. ஆயிரக்கணக்கான பக்கங்கள். அங்கே இருந்தது பெயரளவில் மட்டுமே ஒரு பாதுகாப்புக் கட்டமைப்பு என்று அது எழுதியது. துண்டு துண்டாக, வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு உயரத்தில் கட்டப்பட்டவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அன்று படையணியின் தலைவராக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் கார்ல் ஸ்ட்ரொக் வடிவமைப்புத் தோல்வியைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அனர்த்தம் நடந்து ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன.

இந்த ஒப்புதல் தானாக வரவில்லை. 'லெவீஸ் டொட் ஓர்க்' என்ற குடிமக்கள் அமைப்பைச் சான்டி ரோசென்தால் 2005இலேயே தொடங்கியிருந்தார். நகரை அழித்தது புயல் அல்ல, அரசு கட்டிய சுவர்களின் தோல்வி என்று எழுதுமாறு ஊடகங்களை அந்த அமைப்பு ஆண்டுக்கணக்கில் விடாமல் கேட்டது. 17ஆம் வீதிக் கால்வாய் உடைந்த இடத்தில், பொறுப்பு யாருடையது என்பதைச் சொல்லும் நினைவுப் பலகை 2010இல் நாட்டப்பட்டது.

விலையும் கொடுக்கப்பட்டது. லூசியானா மாநிலக் குழுவை வழிநடத்திய ஐவர் வான் ஹீர்டனின் ஒப்பந்தத்தை அவர் பணியாற்றிய மாநிலப் பல்கலைக்கழகம் புதுப்பிக்கவில்லை. அவர் வழக்குத் தொடுத்தார். 2013இல் அது இணக்கமாகத் தீர்க்கப்பட்டது.

ஊடகத்துறை மாணவியாக நான் முதலில் கத்ரீனாவைச் சந்தித்தது பாடத்தில்தான். வெள்ளத்தில் பொருட்களோடு நடந்துவரும் இரு படங்கள். கறுப்பின இளைஞனின் படத்துக்குக் கீழே அவன் கடையைக் 'கொள்ளையிட்டான்' என்றிருந்தது. வெள்ளையர் இருவரின் படத்துக்குக் கீழே அவர்கள் உணவைக் 'கண்டெடுத்தார்கள்' என்றிருந்தது. இரண்டும் வெவ்வேறு செய்தி முகவரகங்களின் படங்கள். ஒரு வினைச்சொல் யாரைக் குற்றவாளியாக்குகிறது, யாரைத் தப்பவைக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. 'கட்டு உடைந்தது' என்று எழுதுவதற்கும் 'கட்டு பிழையாகக் கட்டப்பட்டிருந்தது' என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடும் அதுதான்.

நீதிமன்றம் சொன்னது

ஒப்புதல் வேறு, இழப்பீடு வேறு. 1927இல் மிஸிஸிப்பி பெருக்கெடுத்தபின் இயற்றப்பட்ட 1928ஆம் ஆண்டின் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம், வெள்ளத்தால் ஏற்படும் சேதத்துக்கு மத்திய அரசு பொறுப்பேற்காது என்று கூறுகிறது. கால்வாய்ச் சுவர்கள் தொடர்பான வழக்கை நீதிபதி ஸ்ரான்வூட் டுவல் 2008 ஜனவரியில் தள்ளுபடி செய்தார். தீர்ப்பில் படையணியைக் கடுமையாகக் கண்டித்த அவர், சட்டம் தன் கைகளைக் கட்டிவிட்டது என்பதையும் தெளிவாக்கினார்.

கப்பல் கால்வாய் தொடர்பான வழக்கு வேறு வழியில் போனது. அது வெள்ளக் கட்டுப்பாட்டுக்காக வெட்டப்பட்டதல்ல என்பதால் அந்தப் பாதுகாப்புப் பொருந்தாது என்று அதே நீதிபதி 2009 நவம்பரில் தீர்ப்பளித்தார். 2012 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. ஆறு மாத இடைவெளியில் மக்கள் வென்று தோற்றார்கள். படையணியின் தவறுக்காக அந்த வழக்கில் அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

புதிய அரண்

அரசியல் ரீதியில் கிடைத்தது பணம். காங்கிரஸ் அடுத்தடுத்து ஒதுக்கிய நிதி ஏறத்தாழ 14.5 பில்லியன் டொலரை எட்டியது. 40 ஆண்டுகளில் முடியாத வேலையின் பெரும்பகுதி 2011 சூறாவளிப் பருவத்துக்குள் முடிக்கப்பட்டது. நகரைச் சுற்றி 133 மைல், அதாவது 214 கிலோமீற்றர் நீளமான அரண். அதன் முக்கிய அம்சங்கள் இவை:

தண்ணீரை நகருக்குள் வரவிட்டுத் தடுப்பதற்குப் பதிலாக, வெளியிலேயே மறிப்பது முதலாவது. கிழக்கே போர்ன் ஏரியின் அருகே 2.9 கிலோமீற்றர் நீளமும் எட்டு மீற்றர் உயரமும் கொண்ட தடுப்புச் சுவர் எழுப்பப்பட்டது. சதுப்பு நிலத்துக்குள் ஆழமாக இறக்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொங்கிரீட் தூண்களின் மேல் அது நிற்கிறது. செலவு ஒரு பில்லியன் டொலருக்கு மேல். கப்பல் கால்வாய் 2009இல் பாறைகளைக் கொட்டி மூடப்பட்டது.

இரண்டாவது, மூன்று வடிகால் கால்வாய்களின் வாயில் கதவுகள். புயல் வரும்போது கதவுகளை இறக்கி, உள்ளே சேரும் மழைநீரை இயந்திரங்களால் ஏரிக்கு இறைப்பார்கள். 2006இல் தற்காலிகக் கதவுகள் பொருத்தப்பட்டன. நிரந்தரக் கதவுகளும் நீரிறைப்பு நிலையங்களும் 2018இல்தான் முடிந்தன. இது புதிய யோசனை அல்ல. கால்வாய் வாயில் கதவு வைக்கலாம் என்ற பேச்சு கத்ரீனாவுக்கு முன்னரே இருந்தது. கதவு மூடினால் நீரிறைப்பு தடைப்படும் என்று உள்ளூர் அமைப்புகள் எதிர்த்தன. இரு தரப்பும் ஒரு மேசையில் இருந்து தீர்க்காமல், கடைசியில் சுவரை உயர்த்துவது என்று முடிவானது. உடைந்தது அந்தச் சுவர்தான்.

மூன்றாவது, சுவரின் வடிவம். பல இடங்களில் பழைய நேர்ச்சுவருக்குப் பதிலாக, அடியில் அகன்ற கொங்கிரீட் பாதம் கொண்ட, தலைகீழான 'ரி' வடிவச் சுவர் கட்டப்பட்டது. பாதத்தின் கீழே சாய்வாக இறக்கிய தூண்கள் இருபுறமும் உதைந்து நிற்கும்.

நான்காவது, உடையாமல் வழிவது. கணித்ததைவிடப் பெரிய புயல் வந்தால் நீர் மேலால் வழியும், அதைத் தவிர்க்கமுடியாது. ஆனால் வழிவதால் அணை உடையக்கூடாது. அதற்காக மண் அணைகளின் உட்சரிவில் வலைவிரிப்பு பதித்துப் புல் வளர்த்தார்கள். வழிந்த நீரை வெளியேற்றலாம். உடைந்த அணையை ஏரியின் மட்டம் தணியும்வரை எதுவும் செய்யமுடியாது.

ஆற்றின் மேற்குப் பக்கத்தில் கட்டப்பட்ட நீரிறைப்பு நிலையம் செக்கனுக்கு 540 கனமீற்றர் நீரை இறைக்கவல்லது. கட்டப்பட்ட காலத்தில் உலகின் மிகப் பெரியது என்று அது பேசப்பட்டது.

பராமரிப்பது யார்?

கத்ரீனாவுக்கு முன் அணைகளைப் பராமரித்தவை பல உள்ளூர் அணைச் சபைகள். அரசியல் நியமனங்கள் நிறைந்த அந்தச் சபைகள் அணையைத் தவிர வேறு வணிகங்களிலும் ஈடுபட்டிருந்தன. நகரத்துப் பெண்கள் முன்னின்று கையெழுத்துத் திரட்டி, இவற்றை ஒன்றிணைக்கக் கோரினார்கள். 2006 செப்டெம்பரில் நடந்த மாநில வாக்கெடுப்பில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஆதரித்தனர். ஆற்றின் கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று என இரண்டு அதிகாரசபைகள் உருவாகின. பொறியியல், நீரியல் போன்ற துறை அறிவுள்ளவர்கள் அவற்றில் இருக்கவேண்டும் என்பது விதியானது.

ஆனால் வெளிச்சுவர் நின்றால் மட்டும் போதாது. 2017 ஒகஸ்ட் 5ஆம் திகதி சூறாவளி எதுவும் இல்லாமல், ஒரு சனிக்கிழமை மழையிலேயே நகரின் பல பகுதிகள் மூழ்கின. உள் வடிகாலைக் கவனிக்கும் நகரசபை அமைப்பின் பல இயந்திரங்கள் அன்று வேலைசெய்யவில்லை. வெளிச்சுவருக்கு மத்திய அரசின் பில்லியன்கள் வந்தன. உள் வடிகால் பழைய நகரத்தின் பழைய இயந்திரங்களோடு நின்றது.

திரும்பாதவர்கள்

2000ஆம் ஆண்டில் நகரின் மக்கள்தொகை 484,674. 2010இல் 343,829. 2020இல் 383,997. ஒரு இலட்சம் பேரின் இடம் இன்னும் நிரம்பவில்லை.

2006 ஜனவரியில் நகர மேயர் அமைத்த ஆணைக்குழுவின் வரைபடம் ஒன்று நாளிதழில் வெளியானது. தாழ்ந்த சில குடியிருப்புகளின் மேல் பச்சை வட்டங்கள் இடப்பட்டிருந்தன. எதிர்காலத்தில் அவை பூங்காக்களாகலாம் என்பது பொருள். வெளிமாநிலங்களில் தங்கியிருந்த மக்கள் தமது வீடு பச்சை வட்டத்துக்குள் இருப்பதைப் பத்திரிகையில் கண்டார்கள். ஆழிப்பேரலைக்குப் பின் வடக்கு கிழக்கில் 200 மீற்றர், ஏனைய இடங்களில் 100 மீற்றர் எனக் கடலோரத்தில் கட்டடத் தடை விதிக்கப்பட்டதை அறிந்தவர்களுக்கு அவர்களின் கோபம் விளங்கும். பிரோட்மூர் என்ற குடியிருப்பு மக்கள் கூட்டங்கூடி, தாமே மீள்கட்டுமானத் திட்டம் வரைந்து, வட்டத்தை அழிக்கவைத்தார்கள். எல்லாக் குடியிருப்புகளுக்கும் அந்த வலு இருக்கவில்லை.

வீடு திரும்ப உதவிய முக்கிய நிதி 'ரோட் ஹோம்' திட்டம். ஏறத்தாழ 130,000 வீட்டு உரிமையாளர்களுக்குச் சுமார் 9 பில்லியன் டொலர் வழங்கியது. ஆனால் அதன் கணக்கில் ஒரு பொறி இருந்தது. புயலுக்கு முன் வீட்டின் சந்தைப் பெறுமதி, திருத்தச் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே அடிப்படை. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் வீட்டின் சந்தைப் பெறுமதி குறைவு. ஓட்டுக்கும் பலகைக்கும் கூலிக்கும் விலை எங்கும் ஒன்றுதான். ஒரே அளவு சேதம், ஒரே மாதிரி வீடு. ஆனால் கறுப்பினப் பகுதியில் கிடைத்தது குறைவு. 2008இல் தொடுக்கப்பட்ட வழக்கு 2011இல் 62 மில்லியன் டொலர் இணக்கத்தோடு முடிந்தது. அதற்குள் பலர் திரும்பும் எண்ணத்தையே விட்டிருந்தார்கள்.

இன்னொரு தடை காணி உறுதி. கீழ் ஒன்பதாம் வட்டாரத்தில் பல வீடுகள் பாட்டன் காலத்திலிருந்து வாய்வழியாகக் கைமாறி வந்தவை. உறுதியில் இறந்தவரின் பெயரே இருந்தது. உறுதி இல்லையேல் உதவி இல்லை. போரில் உறுதியைத் தொலைத்துவிட்டு, சொந்தக் காணிக்கே சாட்சி தேடி அலைந்த எமது குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வாடகைக்கு இருந்தவர்களின் நிலை இதைவிட மோசம். 2007 டிசம்பரில் நகரசபை ஏறத்தாழ 4,500 பொது வீடுகளை இடிக்க ஏகமனதாக வாக்களித்தது. அவற்றில் பல திருத்தக்கூடிய நிலையில் இருந்தன என்று குடியிருந்தவர்கள் வாதாடினார்கள்.

மதிலுக்கு வெளியே

புதிய அரண் பரீட்சிக்கப்பட்டது. 2012 ஒகஸ்டில் ஐசக் சூறாவளி வந்தபோது நகரம் காய்ந்தே இருந்தது. அரணுக்கு வெளியே இருந்த பிரேத்வெயிற், லபிளாஸ் போன்ற ஊர்கள் மூழ்கின. நகரைக் காத்த சுவர்தான் நீரை எங்கள் பக்கம் தள்ளியதா என்று அந்த மக்கள் கேட்டார்கள். அதன் தாக்கம் மிகச் சிறியது என்று படையணியின் ஆய்வு பதிலளித்தது. கேட்டவர்கள் எல்லோரும் அந்தப் பதிலில் ஆறுதலடையவில்லை.

2021 ஒகஸ்ட் 29, கத்ரீனாவின் 16ஆம் ஆண்டு நினைவு நாளிலேயே, அதைவிடக் கடுமையான காற்றோடு ஐடா சூறாவளி கரையைக் கடந்தது. அரண் மீண்டும் தாங்கியது. லபிளாஸ் மீண்டும் மூழ்கியது. பல பத்தாண்டுகள் ஆய்விலேயே கிடந்த அந்த ஊருக்கான அணைக்கு 2018இல்தான் நிதி கிடைத்திருந்தது. ஐடா வந்தபோது வேலை தொடங்கிய நிலையில் இருந்தது. நகருக்குள் நீர் வரவில்லை, ஆனால் மின்சாரம் முழுவதும் போனது. நியூ ஓர்லியன்ஸில் ஐடாவால் இறந்தவர்களில் பெரும்பாலோர் அதன் பின் வந்த வெப்பத்தில் இறந்தவர்கள்.

நூற்றுக்கு ஒன்று

புதிய அரண் 'நூறு ஆண்டுக்கு ஒருமுறை' வரும் புயலுக்கானது என்பார்கள். இந்தச் சொல் மக்களை ஏமாற்றிவிடும். ஒருமுறை வந்துவிட்டால் இனி நூறு ஆண்டுக்கு வராது என்பதல்ல பொருள். எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றுக்கு ஒரு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். வீட்டுக் கடன் கட்டும் 30 ஆண்டுக் காலத்தைக் கணக்கிட்டால், அதற்குள் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம். நான்கில் ஒன்றுக்கு மேல்.

இந்த அளவு தெரிவுசெய்யப்பட்டதற்குக் காரணம் தேசிய வெள்ளக் காப்புறுதித் திட்டத்தின் விதி. அந்த அளவை எட்டினால் மக்கள் காப்புறுதி பெறலாம். நெதர்லாந்தில் 1953 வெள்ளத்துக்குப் பின், சனம் நெருங்கி வாழும் கரைப்பகுதிகளுக்கு 10,000 ஆண்டுக்கு ஒருமுறை என்ற அளவு வைக்கப்பட்டது. நியூ ஓர்லியன்ஸ் மக்கள் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்டார்கள். கிடைக்கவில்லை.

கிடைத்ததும் அப்படியே நிற்காது. கடல் உயர்கிறது, அணைகள் தம் பாரத்திலேயே அமிழ்கின்றன. மேலதிக வேலை செய்யாவிட்டால் 2023 அளவிலேயே அரண் உரிய பாதுகாப்பை வழங்காமற்போகலாம் என்று 2019இல் படையணியே அறிவித்தது. அணைகளைத் தொடர்ந்து உயர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். வெளியே, லூசியானா 1932 முதல் 2016 வரை ஏறக்குறைய 4,800 சதுர கிலோமீற்றர் கரைநிலத்தை இழந்துவிட்டது. ஆற்றின் வண்டலைத் திருப்பி நிலத்தை வளர்க்க வகுக்கப்பட்ட சுமார் 3 பில்லியன் டொலர் திட்டம் 2023இல் தொடங்கி, செலவையும் மீனவர்களின் பாதிப்பையும் காரணம் காட்டி 2025 ஜூலையில் கைவிடப்பட்டது.

எமது கட்டுகளுக்கும் பொருந்தும் கேள்விகள்

2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட நேரம் பற்றிக் கேள்விகள் எழுந்தது பலருக்கு நினைவிருக்கும். அடுத்த வெள்ளத்துக்குப் பின்னும் கட்டுகள் திருத்தப்படும், திறப்புவிழாக்கள் நடக்கும். அப்போது கிராம அபிவிருத்திச் சங்கமோ கமக்காரர் அமைப்போ கேட்கக்கூடிய ஐந்து கேள்விகள் நியூ ஓர்லியன்ஸின் அனுபவத்தில் இருக்கின்றன.

ஒன்று: உடைந்ததற்கான காரணத்தை எழுதியது யார்? கட்டியவரேயா, வெளியார் எவரேனும் பார்த்தார்களா? அறிக்கை தமிழில் எமக்குக் கிடைக்குமா?

இரண்டு: புதிய கட்டு எத்தகைய வெள்ளத்துக்கானது? 'உறுதியானது' என்ற சொல்லை அல்ல, எண்ணைக் கேளுங்கள்.

மூன்று: அதைவிட அதிகம் வந்தால் நீர் எந்தப் பக்கம் வழியும்? அந்தப் பக்கத்தில் யாருடைய வீடுகள் இருக்கின்றன? அவர்களிடம் சொல்லப்பட்டதா?

நான்கு: ஒப்பந்தகாரர் போனபின், கதவுக்கு எண்ணெய் விடுவதும் கட்டில் வளரும் மரத்தைப் பிடுங்குவதும் யார்? அதற்குப் பணம் எங்கே?

ஐந்து: இழப்பீடு எதை அடிப்படையாகக் கொண்டது? உறுதி இல்லாதவருக்கும் வாடகைக்கு இருந்தவருக்கும் என்ன?

நியூ ஓர்லியன்ஸ் மக்கள் முதல் கேள்வியை விடாமல் கேட்டார்கள். அதனால்தான் பழைய பிழையான வடிவத்திலேயே அந்தச் சுவர்கள் மீண்டும் எழும்பவில்லை. ஐந்தாவது கேள்விக்கு அவர்களுக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. கீழ் ஒன்பதாம் வட்டாரத்தில் புதிய சுவருக்குப் பின்னால், பாதுகாக்கப்பட்ட நிலத்தில், இன்றும் புல் வளர்ந்த வெற்று வளவுகள் வரிசையாகக் கிடக்கின்றன.